வலிக்காத கட்டி

கழுத்தில் கட்டி என்று ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தால் நான் முதலில் கழுத்தைத் தொடமாட்டேன். பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்துப் பின்னந்தலை முடியை விலக்கிப் பார்ப்பேன். பேன் கடிக்குச் சொறிந்து சொறிந்து உண்டான புண், பொருக்குத் தட்டிய சிரங்கு, வேனல்கட்டி பழுத்து உடைந்த இடம் என ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டுவதற்கு நம் ஊரில் பெரும்பாலும் காரணம் தலையில்தான். அதைக் காட்டினால் தாய்க்குக் கூச்சம் வந்துவிடும். "தினமும் சீவித்தான் சார் அனுப்புறேன், பள்ளிக்கூடத்துல ஒட்டிக்கிட்டு வந்துடுது" என்பார். கூட வந்த தகப்பனுக்கோ ஏமாற்றம். லீவு போட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று வந்தால் டாக்டர் பேன் மருந்தும் சீப்பும் சொல்கிறாரே என்றிருக்கும். ஒரு ஸ்கேனாவது எழுதித் தந்திருக்கலாம் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் நான் சேர்ந்தபோது, அப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. "பச்சப்புள்ள உடம்புல போயி கத்தி வைப்பாங்களா?" என்று கேட்பார்கள். ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழந்தையை மயக்கிய காலம் அது. வீட்டுக்குப் போன பிறகும் சட்டையில் அந்த வாடை இருக்கும். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை என் வேலையில் பெரும்பங்கு கட்டிகளைத் தொட்டுப் பார்ப்பதுதான். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பெற்றோர் கேட்காத நாள் இல்லை. அவர்கள் பயப்படுகிற கட்டியும் நாங்கள் பயப்படுகிற கட்டியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சிவந்து வீங்கி, தொட்டால் பிள்ளையை அலறவைக்கிற கட்டி நள்ளிரவிலேயே ஆட்டோ பிடித்து வந்துவிடும். வலிக்காத கட்டி முழுப் பரீட்சை முடிந்து, ஊர்த் திருவிழா முடிந்து, அறுப்பும் முடிந்த பிறகுதான் வரும்.

சளி, தொண்டைப்புண், சொத்தைப்பல், காலில் முள் குத்திய புண் என்று எது வந்தாலும் அந்தந்த வட்டாரத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கும். இரண்டு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் கழுத்தைத் தடவினால் ஏதாவது தட்டுப்படத்தான் செய்யும். ஒல்லியான பிள்ளை என்றால் கண்ணுக்கே தெரியும். கழுத்தில் ஒரு சென்டிமீட்டர், தொடை இடுக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருந்து, விரலுக்கடியில் நழுவி உருண்டால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சளி போன பிறகும் அது வாரக்கணக்கில் இருக்கும். சிலருக்கு மாதக்கணக்கிலும் இருக்கும். தினமும் தடவிப் பார்க்கிற தாய்க்குத்தான் அது வளர்வதுபோலத் தோன்றும். அவரிடம், "மாசத்துக்கு ஒருதரம் அளந்து காலண்டர்ல குறிச்சு வைம்மா, தினம் தொடாதே" என்று சொல்லி அனுப்புவேன்.

கட்டியே இல்லாத கட்டிகளும் வரும். நெஞ்சுக்குழியில் ஏதோ எலும்பு துருத்துகிறது என்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நெஞ்செலும்பின் நுனி அது, எல்லாருக்கும் உண்டு. தகப்பனின் சட்டையை விலக்கி அவருடைய நெஞ்சில் தொட்டுக் காட்டினால் சிரித்துக்கொண்டே போய்விடுவார். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேடும் அப்படித்தான். பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியால் சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் நெறி கட்டும். பெரும்பாலும் தானே வற்றிவிடும். தடுப்பூசி போட்ட தொடையில் கல் மாதிரி நின்றுபோகிற சிறு முடிச்சுக்கும் வைத்தியம் எதுவும் வேண்டாம்.

பிறந்து இரண்டு மூன்று வாரமான குழந்தையின் கழுத்தில் ஒரு பக்கம் கெட்டியான கட்டி, தலை அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது என்று வந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டியிருப்பார்கள். அது கழுத்துத் தசைக்குள்ளேயே தடித்திருக்கிற வீக்கம். கத்தி தேவையில்லை. தலையை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்து நீட்டும் பயிற்சியைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் சில மாதங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். பிறந்த குழந்தையின் மார்பு வீங்குவதும் இந்த வகைதான். தாயின் ஹார்மோன் இரத்தம் வழியாக வந்து பிள்ளையின் மார்பை வீங்கவைக்கிறது, ஆண் குழந்தைக்கும் வரும், ஒரு துளி பால்கூடக் கசியும். அதைப் பிதுக்கி எடுக்காவிட்டால் பின்னாளில் கெடுதல் என்று மருத்துவச்சிகளும் பாட்டிமார்களும் குளிப்பாட்டும்போது பிதுக்கிவிடுவார்கள். சும்மா விட்டிருந்தால் தானே அமுங்கியிருக்கும் மார்பு பிதுக்கிப் பிதுக்கிச் சீழ் பிடித்து எங்களிடம் வரும். பெண் குழந்தை என்றால் கீறும்போது கை கூசும். எதிர்காலத்து மார்பு முழுவதும் அந்தச் சின்ன மொட்டுக்குள்தான் இருக்கிறது.

அதே மொட்டு எட்டு, ஒன்பது வயதில் மறுபடியும் பயம் காட்டும். ஒரு பக்கம் மட்டும் காம்புக்கடியில் கெட்டியாக, லேசாக வலியோடு ஒரு கட்டி. பெண் பூப்படைவதற்கு முன்னால் மார்பு வளரத் தொடங்குவது அப்படித்தான். ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். அதைக் கட்டி என்று வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் வாழ்நாள் முழுக்க மார்பே வளராது. அப்படி வெட்டப்பட்ட ஒரு பெண் வளர்ந்து, கல்யாண வயதில் தாயோடு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எந்த ஊரில், யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால் ஹார்மோன் பரிசோதனை வேண்டும். அங்கேயும் கத்திக்கு வேலையில்லை.

வயிற்றுக் கட்டிக்கு வருகிறேன். அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்தான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பத்தாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேரனுக்கு மூன்று வயது. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பார்த்திருக்கிறார். "இந்தப் பக்கம் கை வழுக்கிட்டுப் போகுதய்யா, அந்தப் பக்கம் முட்டுது" என்றார். எந்த மருத்துவ மாணவனும் அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. மகன் நம்பவில்லை. பையன் நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடியாடுகிறான், வயிறு போட்டிருக்கிறான், அவ்வளவுதான் என்றிருக்கிறார். தெருவில் மாந்தம் என்று சொல்லி வேப்பெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். கிழவி கேட்கவில்லை. பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிவிட்டார்.

சிறுநீரகத்தில் வரும் புற்று அது. 1899இல் மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் விரிவாக எழுதியதால் அவர் பெயரால் வழங்குகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும். வயிறு ஒரு பக்கம் நிறைந்திருக்கும். சில சமயம் சிறுநீரில் இரத்தம் வரும். இந்தக் கட்டியைச் சுற்றியுள்ள உறை மெல்லியது. அழுத்தினால் கிழிந்து உள்ளேயிருப்பது வயிற்றுக்குள் சிந்தலாம். சிந்திவிட்டால் நோய் ஒரு படி முற்றியதாகக் கணக்கு. மருந்தும் கூடும், கதிர்வீச்சும் வேண்டியிருக்கும். ஆனால் நம் ஊரில் கட்டி என்று தெரிந்ததும் அடுத்த வீட்டுக்காரர், சொந்தக்காரர், பஞ்சாயத்துத் தலைவர் என்று எல்லாரும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மருத்துவமனையில் மட்டும் என்ன வாழ்ந்தது? பயிற்சி மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். இப்படிப்பட்ட பிள்ளை சேர்ந்த அன்றே, "வயிற்றைத் தொடக் கூடாது" என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிடும் பழக்கத்தை நான் கடைசிவரை விடவில்லை.

அன்றைக்கு இந்தக் கட்டியை உறுதிப்படுத்தவே பெரும்பாடு. நரம்பில் மருந்து ஏற்றி, அது சிறுநீரகத்தில் இறங்க இறங்க இடைவெளி விட்டு எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை மேசையில் அசையாமல் கிடக்குமா? தாயும் நர்ஸும் அழுத்திப் பிடித்திருப்பார்கள். அல்ட்ராசவுண்டு வந்த பிறகு அந்தப் போராட்டம் போயிற்று. ஜெல்லைத் தடவி, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தால் பிள்ளை தின்று முடிப்பதற்குள் கட்டி சிறுநீரகத்திலா, ஈரலிலா, வேறெங்குமா என்று தெரிந்துவிடும். சிகிச்சையின் வரிசையும் மாறியது. நான் படித்தபோது முதலில் அறுவை, பிறகு மருந்து. பின்னாளில் பெரிய கட்டிகளுக்கு நாலு வாரம் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுப்பது வழக்கமாயிற்று. கட்டி சுருங்கி உறையும் தடித்துவிட்டால் அறுக்கும்போது சிந்துவது குறையும். அந்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நம் சுடுகாட்டு ஓரங்களில் கேட்பாரற்றுப் பூத்துக்கிடக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஒரு தகப்பனிடம் இதைச் சொன்னபோது, "எங்க காட்டுல ஆடுகூடக் கடிக்காது சார், அதுவா?" என்று நெடுநேரம் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டி சுருங்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு ஊசியில் வயிறு வற்றிவிட்டால் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று ஊருக்குப் போய்விடுவார்கள். தபால் கார்டு போட்டு அழைத்திருக்கிறோம். கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதியிருக்கிறோம். சிலர் வந்தார்கள். சிலர் கட்டி திரும்ப வளர்ந்த பிறகு வந்தார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசில்லை என்பது உண்மைதான். ஆனால் பஸ் செலவும், போகிற நாள் கூலியும், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆளும் யார் கணக்கில் வருகிறது? 2009இலும் பிறகு 2012இலும் மாநிலக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தபின் சிகிச்சைக்காக வீட்டை விற்கிற நிலை பெருமளவு மாறியது. பாதியில் நிறுத்துவதுதான் முழுதாக மாறவில்லை. வில்ம்ஸ் கட்டியில் நல்ல மையங்களில் முழு சிகிச்சை பெறுகிற பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அந்த அப்பத்தாவின் பேரன் பிழைத்தான். வயிற்றில் உண்டாகும் வேறு சில புற்றுகள் அவ்வளவு சாதுவல்ல. பிள்ளை சிணுங்கிக்கொண்டே, கால் வலி என்று நடக்க மறுத்து, கண்ணைச் சுற்றிக் கருத்து வந்தால் நாங்கள் அதிகம் பேசாமல் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வோம்.

இரவில் வருகிற கட்டிகளில் உண்மையிலேயே அவசரமானவை இரண்டு. ஒன்று குடலிறக்கம். கைக்குழந்தையின் தொடை இடுக்கில் அழும்போது புடைத்து, தூங்கும்போது மறையும் கட்டி. ஆண் பிள்ளைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் அதிகம். மறைகிறவரை அவசரமில்லை, நாள் குறித்து அறுக்கலாம். மறையாமல் கெட்டியாகி, பிள்ளை விடாமல் அழுது, பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று பொருள். தொக்கம் எடுத்து, வசம்பு உரசி ஊற்றிவிட்டு விடியும்வரை காத்திருந்து வருவார்கள். அதற்குள் குடலுக்கு இரத்தம் போவது நின்றுவிடலாம். பெண் குழந்தைக்கு அதே இடத்தில் மொச்சை அளவுக்கு நகரும் கட்டி தெரிந்தால் அது பெரும்பாலும் சூலகமாக இருக்கும், அதை உள்ளே தள்ள முயலக் கூடாது. முதல் வருடத்தில்தான் இந்த மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால் பிள்ளை வளரட்டும் என்று தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

இந்தக் கட்டிக்கு ஒரு குறும்பு உண்டு. டாக்டர் முன்னால் வராது. வரவழைப்பதற்காக அந்தக் காலத்தில் பிள்ளையை அழவைத்துப் பார்ப்போம். தாய்மார்கள் எங்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள். இப்போது அழும்போது செல்போனில் ஒரு படம் எடுத்துவந்துவிடுகிறார்கள். என் காலத்தில் வந்த எத்தனையோ பெரிய கருவிகளைவிட இந்த ஒன்று எனக்கு அதிகம் பயன்பட்டது. விதைப்பையில் நீர் கோத்த வீக்கமா, குடலா என்று பார்க்க, எக்ஸ்-ரே ஃபிலிமோடு வரும் கறுப்புத் தாளைச் சுருட்டி டார்ச்சின் மேல் பொருத்தி வெளிச்சம் விடுவோம். நீர் என்றால் சிவப்பாக ஒளிரும். செல்போன் டார்ச்சில் வீட்டிலேயே பார்த்துவிட்டு, "நீர்தான் சார்" என்று முடிவோடு வருகிறவர்களும் உண்டு. கைக்குழந்தையின் குடலும் ஒளிரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நீர்வீக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் வற்றிவிடும், காத்திருக்கலாம். விதைப்பையில் ஒரு பக்கம் காலியாக இருப்பதற்குத்தான் காத்திருக்கக் கூடாது. ஐந்து வயதுவரை பார்க்கலாம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பிறகு இரண்டு வயது என்றார்கள். இப்போது ஆறு மாதம் தாண்டியும் விதை இறங்காவிட்டால் ஒரு வயதையொட்டி அறுத்து இறக்கிவைக்கிறோம். "வயசுக்கு வந்தா தானா இறங்கிடும்" என்று இன்னமும் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அவசரமான இரண்டாவது, விதை முறுக்கிக்கொள்வது. திடீரென்று பொறுக்க முடியாத வலி, வீக்கம், வாந்தி. ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதை தப்பிக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் வெட்கப்பட்டு, வயிற்றுவலி என்று மாற்றிச் சொல்லி நேரத்தைக் கடத்துவார்கள். வீட்டில் இந்த வயதுப் பையன் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லும்படி முன்கூட்டியே பேசிவையுங்கள்.

தொப்புள் துருத்திக்கொண்டிருப்பதற்கு நாணயத்தை வைத்து பிளாஸ்திரி ஒட்டி வருவார்கள். நாணயத்தால் தொப்புள் மூடாது, தோல்தான் புண்ணாகும். நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

கழுத்துக்குத் திரும்புகிறேன். வலிக்காத கட்டி கழுத்தில் வந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய நாலைந்து கணுக்கள், சூடில்லாத சீழ், உடைந்தால் ஆறாத துவாரம். சாதாரணச் சீழ்க்கட்டி என்று கீறிவிடப்பட்டு, மாதக்கணக்கில் வடிந்துகொண்டிருக்கும் கழுத்தோடு வரும் பிள்ளைகள் அப்போது ஏராளம். ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட வேண்டும், அதில் பல நாள் ஊசி. ஆறு மாத சிகிச்சையே குழந்தைகளின் நெறிக்கட்டிக்குப் போதும் என்று காட்டிய ஆய்வு நம் சென்னையில் நடந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தார் செய்து, 1990இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். இப்போது ஊசியால் உறிஞ்சி எடுத்த ஒரு துளியை மரபணு இயந்திரத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் கிருமியும் தெரியும், முக்கியமான மருந்துக்கு அது மசியுமா என்பதும் தெரியும். ஒன்று சொல்லியாக வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு சில கணுக்கள் ஒருமுறை பெரிதாகிவிட்டுத்தான் சுருங்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

காசநோய் இவ்வளவு சகஜமாக இருப்பதே இன்னொரு நோய்க்குத் திரையாகிவிடுகிறது. கெட்டியாக, ரப்பர்த் தன்மையோடு, வலியே இல்லாமல், வாரத்துக்கு வாரம் வளர்ந்து இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுகிற கணு நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். பரிசோதிக்காமலே காசநோய் மாத்திரை தொடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்தும் குறையாமல் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம் ஸ்டீராய்டு. கட்டி என்றதும் ஏதோ ஒரு கிளினிக்கில் சின்ன வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள். மூன்றே நாளில் கட்டி மாயமாகும். கொடுத்தவருக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். புற்று அணுக்களில் ஒரு பகுதி அந்த மருந்துக்குக் கரையும் என்பதால் வந்த மாயம் அது. சில வாரங்களில் திரும்ப வரும்போது பிள்ளை வெளிறிப்போயிருக்கும், உடம்பில் அடிபடாமலே கன்றிய தடங்கள் இருக்கும். அப்போது நாங்கள் கணுவை எடுத்துப் பரிசோதித்தாலும் அதன் அசல் முகம் தெரியாது. கட்டிக்கு யாராவது மாத்திரை கொடுத்தால் பெயரை எழுதி வாங்குங்கள். காரணம் கண்டுபிடிக்காமல் கட்டியைக் கரைக்கத் தருகிற மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

சதைப் பரிசோதனை என்றதும் குடும்பமே எழுந்துகொள்ளும். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்க சார்." இந்தப் பேச்சால் நான் இழந்த பிள்ளைகள் உண்டு. இது எங்கிருந்து வந்தது என்றால், முற்றிய நிலையில் வந்தவர்களுக்குச் சதை எடுத்த சில மாதங்களில் உயிர் போனதைப் பார்த்துக் கட்டிய கதை. எடுக்காவிட்டாலும் போயிருக்கும். நிணநீர்ப் புற்று என்று சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கை விட முழுக் கணுவை எடுப்பதே மேல். எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். நிணநீர்ப் புற்றில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் நோய் குழந்தைகளிடம் மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். அந்தக் காலத்தில் இரவு ரயிலில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்த பிள்ளைகளில் சிலர் பின்னாளில் தங்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றிருக்கிறார்கள். இன்று மதுரையிலும் கோவையிலுமே சிகிச்சை கிடைக்கிறது.

கழுத்தின் நடுவில், நாக்கை நீட்டச் சொன்னால் மேலேறுகிற கட்டி பிறவியிலேயே தங்கிப்போன ஒரு குழாயின் மிச்சம். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். நாவடி எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று 1920இலேயே சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் எழுதிவிட்டார். ஆனால் அறுப்பதற்கு முன்னால் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு அந்தக் கட்டியே அவர்களுக்கிருக்கும் ஒரே தைராய்டு. முதுகுத்தண்டின் அடியில் நடுக்கோட்டிலும், மூக்கின் மேல் நடுவிலும் உள்ள கட்டிகளும் உள்ளே நரம்பு மண்டலத்தோடு தொடர்பு வைத்திருக்கக்கூடும். கொழுப்புக்கட்டி என்று சொல்லிச் சின்ன கிளினிக்கில் எடுக்கவிடாதீர்கள்.

சிவப்பு இரத்தக்குழாய்க் கட்டியில் நான் கண்ட மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது. பிறந்து சில வாரத்தில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, முதல் ஐந்தாறு மாதம் வேகமாகப் பெருகி, பிறகு வருடக்கணக்கில் மெல்ல வெளுத்து அமுங்கும் கட்டி. கிரகணத்தின்போது வெளியே வந்தாய் என்று மாமியார் மருமகளை ஏசுவதைக் கேட்டு அலுத்துவிட்டது. கண்ணை மூடும் அளவுக்கு, உதடு புண்ணாகும் அளவுக்கு வளர்ந்தால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்போம். பிள்ளை முகம் உப்பி, வளர்ச்சி நின்றுபோகும். 2008இல் பிரான்சின் போர்தோ நகரத்திலிருந்து டாக்டர் லெயோத்தே-லாப்ரெஸும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள்: இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்கு ப்ரோப்ரனலால் கொடுத்தபோது அதன் முகத்திலிருந்த கட்டியும் நிறம் மாறி மென்மையானதாம். இரத்த அழுத்தத்துக்குப் பெரியவர்கள் விழுங்குகிற மலிவான பழைய மாத்திரை அது. நாங்கள் தொடங்கியபோது எங்களுக்கே நம்பிக்கையில்லை. சில நாளிலேயே நிறம் மங்குவதைப் பார்த்து அசந்துபோனோம். இருதயத்தைப் பரிசோதித்த பிறகே கொடுக்க வேண்டிய மருந்து. பால் குடித்த வயிற்றோடுதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கண், உதடு, தாடைப் பகுதியில் இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்குள் காட்டுங்கள். முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் சும்மா விடுங்கள்.

பெரிய பிள்ளைகளின் எலும்புக் கட்டி பற்றி ஒரு வார்த்தை. கபடியில் அடிபட்டது என்று முழங்காலுக்கு மேல் வீக்கத்தோடு ஒரு பையன் வந்தான். எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்து இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். அடி உண்மைதான், ஆனால் அடியால் வந்த வீக்கம் மூன்று வாரத்தில் வற்ற வேண்டும். இரவில் எழுப்பும் வலியும் வளரும் வீக்கமும் இருந்தால் நீவுவதற்கு முன்னால் ஓர் எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள். அவன் காலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று நேரத்தோடு வருகிற பலருக்குக் காலைக் காப்பாற்றியே சிகிச்சை செய்துவிடுகிறார்கள்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வயிற்றில் தட்டுப்படும் கட்டி, காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் எந்த அளவிலானாலும் ஒரு கட்டி, வலிக்காமல் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும் கட்டி, கட்டியோடு காய்ச்சலும் எடை குறைவும் இரவு வியர்வையும். இவற்றுக்கு நாள் பார்க்காதீர்கள், பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று தள்ளிப்போடவும் செய்யாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். சீட்டுக்குக் காசு கிடையாது. கிளம்பும்போது இதுவரை யார் யார் என்ன மருந்து கொடுத்தார்களோ, அந்தச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் பையில் போட்டு எடுத்துவாருங்கள்.